வாசகர் கேள்வி – பதில்: யாருடைய தேர்வு கடினம்?

பள்ளி இறுதித் தேர்வுகளில் எது கடினமானது என்று கேட்டு மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதிய கடிதங்களை ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறேன். பலர் கேட்டிருப்பது ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான். ஆனால் ஒவ்வொருவரும் அதைக் கேட்கும் இடம் வேறாக இருப்பதால், பதில்களும் வேறாகிவிட்டன.

கேள்வி: நான் ஏ-லெவல் படிக்கிறேன். என் பெரியப்பா மகன் ஐ.பி. டிப்ளமா படிக்கிறான். "மூன்றே பாடம் படிப்பதும் ஒரு படிப்பா?" என்று அவன் கேட்கிறான். "ஆறு பாடத்தையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவது மட்டும் படிப்பா?" என்று நான் கேட்கிறேன். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஐயா.
– ஏ-லெவல் மாணவி ஒருவர்

பதில்: மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: ஏ-லெவல் என்பது பிரிட்டிஷ் முறைப் பள்ளி இறுதித் தேர்வு, ஐ.பி. என்பது பல நாடுகளில் நடக்கும் இன்டர்நேஷனல் பாக்கலோரியா. ஆறு பாடத்தையும் அவர் மேலோட்டமாகத் தொடுவதாகச் சொல்வது சரியல்ல. ஐ.பி.யில் வழக்கமாக மூன்று பாடங்கள் உயர்நிலையிலும் மூன்று பாடங்கள் பொதுநிலையிலும் படிக்கப்படுகின்றன. உயர்நிலைப் பாடத்துக்கு 240 மணி நேரக் கற்பித்தலும் பொதுநிலைப் பாடத்துக்கு 150 மணி நேரமும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. பாடத்துக்கு 7 புள்ளி வீதம் 42, அத்துடன் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து அதிகபட்சம் 3 என்று மொத்தம் 45 புள்ளிகள். டிப்ளமா பெறக் குறைந்தது 24 வேண்டும். இதற்கு மேல் சேவை, உடற்பயிற்சி, படைப்புச் செயல்பாடு என்று மதிப்பெண் இல்லாத கடமைகளும் உண்டு. வேலைப்பளுவை மட்டும் எடைபோட்டால் உங்கள் அண்ணனோ தம்பியோ, அவர் பக்கம்தான் தட்டு தாழ்கிறது.

ஆனால் பளு வேறு, கடினம் வேறு. ஏ-லெவல் மாணவருக்குத் தமக்கு வராத பாடத்தைப் பதினாறு வயதிலேயே விட்டுவிடும் சலுகை இருக்கிறது, ஐ.பி. அந்தச் சலுகையைத் தருவதில்லை. கணிதத்தில் தோய்ந்திருப்பவரும் இலக்கியத் தாள் எழுதியாக வேண்டும், இலக்கியத்தில் ஊறியவரும் ஏதேனும் ஒரு கணிதப் பாடத்தை எடுத்தாக வேண்டும். எல்லாப் பாடத்திலும் ஓரளவு சமமாக வல்லவரான மாணவருக்கு இது பெரிய சுமையாகத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த திறமையுள்ளவருக்கு இதுவே தண்டனையாகிவிடும். மறுபுறம், மூன்று பாடம் மட்டுமே உள்ளவர் ஒன்றில் சறுக்கினால் தேர்ச்சியின் மூன்றில் ஒரு பங்கு அன்றே போய்விடுகிறது. தாங்கிப் பிடிக்க வேறு பாடம் கிடையாது.

உங்கள் இருவரின் சண்டையைப் பெரிய நிறுவனங்களே தீர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் வகுத்த புள்ளிப் பட்டியலில் ஏ-லெவலின் உச்ச கிரேடான ஏ ஸ்டாருக்கு 56 புள்ளிகள், ஐ.பி. உயர்நிலையில் 7 எடுத்தாலும் அதே 56. ஏ கிரேடுக்கு 48, உயர்நிலை 6-க்கும் 48. அதற்குக் கீழே பாருங்கள்: பி கிரேடுக்கு 40, ஆனால் உயர்நிலை 5-க்கு 32 மட்டுமே, அதாவது சி கிரேடுக்கு உரியது. பொதுநிலையில் 7 எடுத்தால் 28 தனியாகச் சேரும். ஆகவே மூன்று ஏ ஸ்டார் பெற்ற மாணவருக்கு 168 புள்ளிகள். ஆறு பாடத்திலும் 7 பெற்ற ஐ.பி. மாணவருக்கு 252, கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் உரியது அதற்கு மேல். ஆனால் கேம்பிரிட்ஜ் போன்ற ஒரு பல்கலைக்கழகம் அறிவியல் படிப்புக்கு ஏ-லெவலில் இரண்டு ஏ ஸ்டாரும் ஓர் ஏ-யும் கேட்குமிடத்தில், ஐ.பி.யில் 40-க்கு மேற்பட்ட மொத்தத்துடன் உயர்நிலைப் பாடங்களில் 7, 7, 6 என்று கேட்கிறது. இந்த இரண்டாவது கணக்கில் எடைபோடப்படுவது அளவு அல்ல, தேர்ந்த பாடங்களில் உள்ள ஆழம். பெரியப்பா மகன் பேசுவது முதல் கணக்கை. நீங்கள் பேசுவது இரண்டாவதை. இரண்டு கணக்கும் இன்று நடைமுறையில் இருக்கின்றன.

கேள்வி: அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாட அளவில் எழுதும் ஏ.பி. தேர்வில் கால்குலஸ் ஏபி, கால்குலஸ் பிசி என்று இரண்டு உண்டு. பிசி-யில்தான் அதிகம் பேர் முழு 5 வாங்குகிறார்கள், எனவே அதுதான் எளிது என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள். புள்ளிவிவரத்தைக் காட்டும்போது எனக்கு வாயடைத்துப் போகிறது.
– தாயார் ஒருவர்

பதில்: புள்ளிவிவரம் உண்மை, அதிலிருந்து உங்கள் மகள் எடுத்த முடிவு பிழை. 2023-ஆம் ஆண்டில் பிசி எழுதியவர்களில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோர் 5 பெற்றார்கள். ஏபி எழுதியவர்களில் நூற்றுக்கு 20-ஐச் சற்றே தாண்டியவர்களே பெற்றார்கள். ஆனால் ஏபி-யில் உள்ள பாடம் அனைத்தும் பிசி-யிலும் உண்டு. அதற்கு மேல் முடிவிலாத் தொடர்கள் போன்ற பகுதிகளும் உண்டு. ஒன்றை முழுவதுமாகத் தன்னுள் அடக்கி மேலும் கூடுதலாகக் கொண்ட தேர்வு அதைவிட எளிதாக இருக்க வழியில்லை. பிசி-க்கு அமர்பவர்கள் பெரும்பாலும் கணிதத்தில் முன்கூட்டியே தேறியவர்கள் என்பதுதான் அந்த எண்ணிக்கையின் பின்னால் உள்ள காரணம்.

ஏ-லெவலில் மேற்கணிதம் என்ற பாடத்தின் கதையும் இதேதான். அந்த வினாத்தாளைப் பார்த்தாலே அஞ்சுகிறவர்கள் பலர். ஆனால் அதை எழுதுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏ அல்லது ஏ ஸ்டார் பெறுகிறார்கள். தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வைப் பற்றியும் தேர்வர்களைப் பற்றியும் ஒருசேரப் பேசும் எண். இரண்டில் யாரைப் பற்றி எவ்வளவு பேசுகிறது என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ஏ.பி. சீன மொழித் தேர்வில் மிகப் பலர் 5 வாங்குவதைக் கண்டு சீனம் எளிய மொழி என்று யாரும் சொல்வதில்லை. எழுதுகிறவர்களில் பலர் வீட்டில் அந்த மொழியைப் பேசி வளர்ந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணித வினாத்தாள்களை என்னிடம் படிக்கும் மாணவர்களுக்குக் கொடுத்தேன். பாதிக்கு மேல் அவர்களால் தொடவே முடியவில்லை. தேர்வுகள் எளிதாகிவிட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
– கணித ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, பழைய தாளை இன்றைய மாணவரிடம் கொடுத்தீர்கள். இன்றைய தாளை அன்றைய மாணவரிடம் கொடுக்க உங்களால் முடியாது. சோதனையில் ஒரு பாதி எப்போதும் நடக்காமலே போகிறது. அன்றைய மாணவர் அந்தத் தாளுக்கென்றே இரண்டாண்டு பழகியவர்; உங்கள் மாணவர் வேறொரு பாடத்திட்டத்துக்குப் பழகியவர்.

ஆனால் உங்கள் ஐயத்தை முற்றாகத் தள்ளிவிடவும் நான் விரும்பவில்லை. தாள் கடினமா என்பதும் கிரேடு கிடைப்பது கடினமா என்பதும் இரு வேறு கேள்விகள் என்பதால், இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஏ-லெவல் 1951-இல் தொடங்கியது. 1963 முதல் 1987 வரை அங்கே இருந்த வழிகாட்டுதலின்படி, ஒரு பாடத்தை எழுதியவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கே ஏ கிரேடு. அடுத்த 15 விழுக்காட்டினருக்கு பி. அந்த ஆண்டு எல்லோரும் அற்புதமாக எழுதியிருந்தாலும் பத்தில் ஒருவருக்குத்தான் ஏ. 1987-க்குப் பிறகு அந்தப் பங்கீடு கைவிடப்பட்டு, விடையின் தரத்தைப் பார்த்துக் கிரேடு தரும் முறைக்கு மாறினார்கள். 2019-இல் ஏ-யும் அதற்கு மேலும் பெற்றவர்கள் 25 விழுக்காட்டினர். பெருந்தொற்றால் தேர்வு நடக்காமல் ஆசிரியர்களே மதிப்பிட்ட 2021-இல் அது கிட்டத்தட்ட 45-ஆகியது. 2023-இல் மீண்டும் 27-க்கு இறங்கியது. இரண்டாண்டுகளில் ஒரு நாட்டு மாணவர்களின் அறிவு அப்படி ஏறி இறங்குவதில்லை. ஏறி இறங்கியது அளவுகோல்.

தாள் கடினமாவதும் கிரேடு கடினமாவதும் எதிரெதிர்த் திசையில்கூடப் போகலாம். 2019-இல் இங்கிலாந்தின் பெரிய தேர்வு வாரியம் ஒன்றின் ஏ-லெவல் கணிதத் தாளைக் கண்டு மாணவர்கள் கலங்கிப் போனார்கள். முடிவு வந்தபோது ஏ கிரேடுக்கான எல்லை 300-க்கு 165 என்று வைக்கப்பட்டிருந்தது. அதாவது நூற்றுக்கு 55. தாள் கடினமானதால் எல்லை இறங்கிவிட்டது. உங்களிடம் உள்ள பழைய தாளில் எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரேடு தந்தார்கள், எத்தனை வினாக்களில் எத்தனையைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னார்கள் என்பவை கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். அவை இல்லாமல் தாளை மட்டும் காட்டுவது, மலையின் உச்சியைக் காட்டிவிட்டு எதுவரை ஏறினால் போதும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

கேள்வி: உலகிலேயே கடினமான பள்ளி இறுதித் தேர்வு சீனாவின் காவோகாவோதானே?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர்

பதில்: கடினமான போட்டி என்று கேட்டிருந்தால் உடனே ஆம் என்றிருப்பேன். 2024-இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மதிப்பெண் 750. பல்லாயிரம் பேர் ஒரே மதிப்பெண்ணுக்கு அருகருகே நெருக்கியடித்து நிற்கும்போது ஒரு மதிப்பெண் தவறினாலும் வரிசையில் நெடுந்தூரம் பின்னுக்குப் போய்விட நேரும். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் நிறுத்தப்பட்டிருந்து 1977 டிசம்பரில் அது மீண்டும் நடந்தபோது 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு, அதாவது இருபதில் ஒருவருக்குக்கூட இல்லை. இன்று எழுதுகிறவர்களில் மிகப் பலருக்கு ஏதேனும் ஓர் உயர்கல்வி இடம் கிடைத்துவிடுகிறது. அப்படியும் அச்சம் குறையவில்லை. ஏனெனில் போட்டி இப்போது கல்லூரிக்கு அல்ல, குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்கு.

தென்கொரியாவின் சுநுங் தேர்வும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒப்பீட்டு முறையில் திருத்தப்படும் பாடங்களில் முதல் 4 விழுக்காட்டினருக்கு மட்டும் முதல் தரம். அதற்கடுத்த 7 விழுக்காட்டினருக்கு இரண்டாம் தரம். இப்படிப்பட்ட முறையில் மாணவர் தாளோடு மோதுவதில்லை, பக்கத்து மேசையோடு மோதுகிறார். ஆங்கிலத்தை 2017 நவம்பர் தேர்விலிருந்து 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் எடுத்த எல்லோருக்கும் முதல் தரம் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலப் பாடம் அதே பாடம்தான். கடினம் என்ற சொல்லின் பொருள் அன்றிலிருந்து மாறிப் போயிற்று.

கேள்வி: இயற்பியல் எடுத்தவருக்கும் வேறொரு பாடம் எடுத்தவருக்கும் ஒரே ஏ கிரேடு என்பது நியாயமா? பாடங்களின் கடினத்தை அளக்க வழியே இல்லையா?
– கல்லூரியில் சேர இருக்கும் மாணவர்

பதில்: வழி உண்டு. அது எதை அளக்கிறது என்பதில்தான் வழக்கு.

ஒரே மாணவர் இரண்டு பாடங்களை எழுதியிருப்பார். இயற்பியலில் பி-யும் இன்னொன்றில் ஏ-யும் பெற்றிருப்பார். அப்படி ஆயிரக்கணக்கானவர்களை எடுத்துப் பார்த்து, பெரும்பாலோர் இயற்பியலில் குறைவாகவே பெறுகிறார்கள் என்றால் அது கடினமான பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ஏ-லெவல் பாடங்களை இவ்வாறு ஒப்பிட்டு, இயற்பியல், வேதியியல், கணிதம் போன்றவை ஊடகக் கல்வி, நாடகம் போன்றவற்றைவிடக் கண்டிப்பாக மதிப்பிடப்படுகின்றன என்றும், சில சோடிகளுக்கிடையே இடைவெளி ஒரு கிரேடையும் தாண்டுகிறது என்றும் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் இதே எண்ணம் நடைமுறைக்கே வந்துவிட்டது: 99.95-ஐ உச்சமாகக் கொண்ட ஏட்டார் தரவரிசையைக் கணக்கிடும்போது, ஒரு பாடத்தை எடுத்தவர்கள் தங்கள் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்த்து அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்கிறார்கள். அங்கே உயர்கணிதம் எடுத்தவரின் மதிப்பெண் ஏறும்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானது. அந்த மாணவர் இயற்பியலில் குறைவாகப் பெற்றது பாடத்தின் கடினத்தாலா, ஆசிரியர் போதாமையாலா, மற்றப் பாடத்தில் அவருக்கு இருந்த ஆர்வத்தாலா என்பதைக் கணக்கு சொல்வதில்லை. இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் நெடுநாள் ஆராய்ந்து, 2018-இல் ஏ-லெவல் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களின் கிரேடுகளைத் தளர்த்தப் போதிய காரணம் இல்லை என்று முடிவு செய்தது. ஆனால் மறு ஆண்டே, அதற்கு முந்தைய நிலையான ஜி.சி.எஸ்.இ. தேர்வில் பிரெஞ்சு, ஜெர்மன் கிரேடுகளை ஸ்பானிஷ் மொழிக்கு ஈடாகத் தளர்த்த ஒப்புக்கொண்டது. மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், இயற்பியலையும் நாடகத்தையும் ஒப்பிடுவதில் பொருளில்லை என்ற எண்ணம் அதில் தெரிகிறது. எனக்கு அது பெரும்பாலும் சரியென்றே படுகிறது.

இலங்கையின் உயர்தரப் பரீட்சையில் 2001 முதல் பயன்படும் இசட் புள்ளியை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டும். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் திட்டவிலக்கத்தை அளவாக வைத்து, ஒருவர் சராசரியிலிருந்து எத்தனை மடங்கு விலகி நிற்கிறார் என்பதை அது சொல்கிறது. ஒரு பாடத்தின் சராசரி 40, திட்டவிலக்கம் 15 என்றால், அதில் 70 எடுத்தவரின் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, திட்டவிலக்கம் 10 என்றால், அதில் 75 எடுத்தவருக்கு 1.5 மட்டுமே. 75-ஐ 70 வென்றுவிடுகிறது. வினாத்தாள் கடினமாக வந்துவிட்டதே என்ற புலம்பலுக்கு இது நல்ல மருந்து. ஆனால் ஒவ்வொரு பாடத்தையும் எழுதிய கூட்டம் சராசரியில் சமமான திறமை கொண்டது என்று அது மறைமுகமாகக் கொள்கிறது. வல்லவர்கள் குவியும் பாடத்தை எடுத்தவருக்கு இதனால் இழப்பு உண்டு. ஆஸ்திரேலியக் கணக்கு அந்த இழப்பைத்தான் ஈடுகட்ட முயல்கிறது.

அயர்லாந்து இந்த நுட்பமெல்லாம் வேண்டாம் என்று, 2012 முதல் உயர்நிலைக் கணிதத்தில் தேறியவர்களுக்கு நேரடியாக 25 கூடுதல் புள்ளிகள் கொடுத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நூற்றுக்கு 16 பேர் எடுத்த தேர்வை அடுத்தடுத்த ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்டோர் எடுத்தார்கள். தாங்க முடியாத கடினம் என்று விலகி நின்றவர்களில் ஒரு பகுதியினர், பலன் கிடைக்காத கடினம் என்றுதான் விலகியிருந்தார்கள் போலும்.

கேள்வி: பிரெஞ்சு பாக்கலோரியாவில் 20-க்கு 16 எடுத்த தோழி இருக்கிறாள். அது 80 விழுக்காடுதானே? நான் 92 எடுத்திருக்கிறேன்.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

பதில்: தோழியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அங்கே 10 எடுத்தால் தேர்ச்சி, 12 ஓரளவு நன்று, 14 நன்று, 16 எடுத்தால் மிக நன்று என்ற சிறப்புக் குறிப்பு. ஜெர்மனியின் பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூரிலோ 1.0 தான் உச்சம். எண் ஏற ஏற மாணவர் இறங்குகிறார். நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றும் பழக்கம் எல்லா எண்களையும் ஒரே அளவுகோலின் எண்களாக்கிவிடுகிறது. உங்கள் 92-க்கு உங்கள் வாரியத்தில் எத்தனையாவது இடம் என்று கேளுங்கள், அதையே தோழியின் 16-க்கும் கேளுங்கள்.

கேள்வி: ஒரே நாட்டில் பல வாரியங்கள் இருந்து, ஒன்று தாராளமாகவும் இன்னொன்று கஞ்சத்தனமாகவும் மதிப்பெண் போட்டால், பாதிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது?
– பெற்றோர் ஒருவர்

பதில்: ஜெர்மனியில் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் அபிட்டூரைத் தானே நடத்துகிறது. மருத்துவ இடங்களோ நாடு முழுவதற்கும் பொதுவானவை. மாநிலங்களுக்கிடையே மதிப்பெண்களை அப்படியே ஒப்பிட முடியாது என்ற நிலையில், ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாமல் அவற்றைக் கொண்டு மருத்துவ மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது சமத்துவத்துக்கு முரணானது என்று 2017 டிசம்பர் 19 அன்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்க்கை முறை அதன் பிறகு திருத்தப்பட்டது.

இந்தியாவில் தில்லி பல்கலைக்கழகம் வேறு வழியில் போயிற்று. 2021-இல் அதன் சில கல்லூரிகளில் சில படிப்புகளுக்குக் கட்-ஆஃப் 100 விழுக்காடாகவே இருந்தது. அதற்கு மேல் பிரித்தறிய மதிப்பெண்ணில் இடமில்லை. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வான சியூஇடி (CUET) மூலம் சேர்க்கை நடக்கிறது. தாராளமாகப் போடப்பட்ட மதிப்பெண் தாராளமாகப் பெற்றவருக்கே பயன்படாமல் போனது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் இன்னொரு தேர்வுக்கும் படிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: நானும் என் நண்பனும் வேறு வேறு தேர்வு எழுதுகிறோம். எங்களுக்குள் நியாயமாக ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.
– மாணவர் ஒருவர்

பதில்: இருவருக்கும் பொதுவான ஒரு பாடத்தில், இருவரும் படித்து முடித்த ஒரே தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக, வகைநுண்கணிதம். அவர் தாளிலிருந்து அந்தத் தலைப்பு வினாக்களை நீங்களும் உங்கள் தாளிலிருந்து அவரும், உரிய நேரத்துக்குள் எழுதுங்கள். திருத்தும்போது அந்தந்த வாரியத்தின் விடைக்குறிப்பையே கையில் வைத்துத் திருத்துங்கள். ஒரு வாரியம் வழிமுறைக்கு மதிப்பெண் தரும், இன்னொன்று இறுதி விடையை மட்டும் பார்க்கும், வியப்பு பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கும். பிறகு அந்த ஆண்டின் கிரேடு எல்லையைப் பாருங்கள். வினாக்களை யார் அதிகம் போட்டார்கள் என்பதை வைத்து முடிவு கட்டாமல், யார் எந்த வகை வினாவில் தடுக்கினார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். சுருக்கமான நிறைய வினாக்களுக்குப் பழகியவர், நீண்ட ஒரே வினாவில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழிப்பார். நீண்ட வினாவுக்குப் பழகியவருக்கு மற்றதில் நேரம் போதாது. முடிவை எனக்கும் எழுதி அனுப்புங்கள். விடைத்தாள்களையும் சேர்த்து அனுப்பினால் நானும் திருத்திப் பார்க்கிறேன்.